உள்ளே கரைகிற நூல்

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான். எத்தனை தையல்? வலிக்கிறதா, தூங்கினாயா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் மனைவி ஓர் எண்ணைச் சொல்வாள். பக்கத்தில் நிற்கும் அவள் தம்பி, அதாவது என் மச்சான், அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வான். வந்தவர்கள் "அடேயப்பா" என்று சொல்லிச் சாத்துக்குடிப் பையைக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். எனக்கு எண்ணிக்கை பெரிதாகப் படவில்லை. என்ன நூல் போட்டிருக்கிறார்கள், அது எவ்வளவு காலம் தாங்கும் என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. அதை யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மூட்டையின் வாயைத் தைப்பதுதான் என் வேலை. கடலூருக்கு வெளியே ஒரு கிடங்கில், நெல்லும் முந்திரியும் வந்து இறங்கும் இடத்தில், பத்தாம் வகுப்போடு சேர்ந்தவன் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். இப்போது கையில் பிடித்துத் தைக்கும் மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் மிஷின் பாதியில் கைவிட்ட மூட்டையையும் கிழிசல் கோணியையும் ஊசி பிடித்துத்தான் தைக்கவேண்டும். அதனால் நூலை எனக்குத் தெரியும். நூல் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகி, அடுக்கில் இருந்த மூட்டைகளின் சணல் நூல் வெளியே தெரியாமல் மக்கிப்போயிருந்தது. அடியில் கொஞ்சம் ஈரம் தெரிந்ததைத் தவிர, பார்ப்பதற்கு எல்லாம் சரியாக இருந்தன. சுமைக்காரர் ஒருவர் ஒரு மூட்டையை முதுகில் ஏற்றி நிமிர்ந்தார். 'பர்ர்' என்று ஒரு சத்தம். அவர் காலைச் சுற்றி நெல் கொட்டிக் கிடந்தது. அவர் முதுகில் வெறும் சாக்கு தொங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். முதுகுவலிக்காக மெடிக்கலில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். வலி போனது, இரைப்பை புண்ணானது. சிதம்பரத்தில் மச்சான் வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வயிற்றில் கத்தி இறங்கியது போல் இருந்தது. அப்படியே மடங்கி விழுந்தேன். மச்சான் ஆட்டோ ஓட்டுகிறவன். என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழவீதியில் ஹாரனை விடாமல் அழுத்தியது நினைவிருக்கிறது. இரைப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது, உடனே திறக்கவேண்டும் என்றார்கள். மார்புக்குக் கீழே தொடங்கித் தொப்புளைச் சுற்றிக் கீழே இறங்கும் ஒரு நீளத் தையலோடு நான் கண்விழித்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். அத்தனை பேருக்கு முன்னால் வயிற்றைத் திறந்து காட்டும்போது எனக்குக் காது சூடாகும். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேள்வி கேட்பதெல்லாம் மச்சான்தான்.

"இந்தத் தையல எப்பங்க பிரிப்பீங்க?"

"மேல தெரியறத மட்டும்தான் பிரிப்போம்" என்றார் டாக்டரம்மா. "அதுக்குக் கீழ நீல நூல் ஒண்ணு இருக்கு. வயித்துச் சுவரப் புடிச்சிருக்கறது அதுதான். அது உள்ளயே இருந்துடும். அதுக்கும் உள்ள, இரைப்பையில ஓட்டைய அடைக்கப் போட்டது தானா கரைஞ்சிடும்."

"கரைஞ்சிடுமா?"

"மெதுவாத்தாங்க. பயப்படாதீங்க." அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மச்சான் என் பக்கம் குனிந்தான். "கேட்டீங்களா மாமா? உங்களுக்குள்ள மூணு தினுசு நூல் ஓடுதாம். நெத்தியில ஒரு சீல் குத்திட்டா லாரியில ஏத்திடலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. வயிறு இழுத்தது. தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன்.

"டேய், சும்மா இருடா" என்றாள் என் மனைவி. "சிரிச்சித் தையல் உட்டுப்போச்சுன்னா நீயா வந்து தைப்ப?"

"நான் எதுக்குக்கா? மாமாவே தைச்சிக்குவாரு. ஊசி சட்டப் பையிலயேதான் இருக்கும்."

அவன் போனபிறகும் அந்த ஒரு வார்த்தை போகவில்லை. கரைஞ்சிடும். கரைகிற நூலால் எவனாவது தைப்பானா? எப்போது கரையும்? நான் இருமும்போதா, படி ஏறும்போதா? அது கரைகிற நேரத்தில் ஓட்டை மூடியிருக்கும் என்று யார் பார்த்துச் சொல்வார்கள்? இதையெல்லாம் மறுநாள் கேட்கவேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்திருப்பேன். டாக்டரம்மா வந்து "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லாருக்கேங்க" என்பேன். அவ்வளவுதான்.

கடலூருக்கு, செம்மண்டலத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். அங்கே வந்த பிறகுதான் என் மனைவி ஒன்றைச் சொன்னாள். என்னை உள்ளே கொண்டுபோய் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மாதாவிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். இவர் பிழைத்து வந்தால், ஈஸ்டர் பாஸ்கா வரைக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் மீன், கறி, முட்டை ஏறாது. வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் இருக்கிற வீடு எங்களுடையது. இப்போது எல்லா நாளும் அப்படி என்று ஆயிற்று. எனக்கு அது சரியாகவே பட்டது. உயிரைக் கொடுத்தவர்களுக்கு நாக்கைக் கொடுக்கக்கூடாதா?

பிறகு எதிர்வீட்டு அக்கா வந்தார்கள். "பருப்பு கண்ணுல காட்டாத. சீழ் வச்சிடும். கத்திரிக்கா, பூசணிக்கா அதுவும் ஆவாது" என்றார்கள். பருப்பும் போயிற்று.

மூன்றாவதாக நான் ஒன்றை நிறுத்தினேன். புளி. புளியால் தேய்த்தால் செம்பில் இருக்கும் களிம்பே கரைந்து போகிறதே, நூல் எம்மாத்திரம் என்று எனக்குப் பட்டது. தயிரும் புளிப்புதான் என்று அதையும் விட்டேன். காரணத்தை மனைவியிடம் சொல்லவில்லை. வாய்க்குப் பிடிக்கவில்லை என்றேன். ஆக, ஆளுக்கு ஒரு பயம் வைத்திருந்தோம். மூன்றும் சேர்ந்ததில் என் தட்டில் மிஞ்சியது கஞ்சியும் ரொட்டியும்தான்.

மீன்கார அம்மா காலையில் வாசலில் கூடையை இறக்குவார். "என்னாம்மா, வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிலேந்து வந்து இத்தினி நாளாவுது, ஒரு பால்சுறா வாங்கமாட்டேங்கறியே? புள்ள பெத்தவளுக்கே அதான் குடுப்பாங்க. வயித்தக் கிழிச்சி தைச்ச மனுஷனுக்கு வாணாமா?"

"பாஸ்காவுக்கு அப்புறம் வாங்கறேம்மா."

"அதுவரைக்கும் அவரு காத்தக் குடிப்பாரா?"

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முகம் வாடியிருந்தது. நான் கஞ்சியைக் குடித்தேன்.

மேல் தையலைச் சிதம்பரத்துக்குப் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தோம். கறுப்பு நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்கி உருவினார்கள். மூட்டை பிரிப்பது போலவே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து, தொப்புளுக்குக் கீழே பனியனில் ஓர் ஈரத்தைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சாதம் வடித்த கஞ்சியில் ஒரு சிட்டிகைக் குங்குமம் விழுந்தது போன்ற நிறம். வியர்வையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்குட்டையை மடித்து வேட்டிக்குள் செருகிக்கொண்டேன். பனியனை நானே துவைத்துப் பின்பக்கம் காயப்போட்டேன். ஈரம் இருந்த இடம் அடிவயிறு. அங்கே பார்க்கச் சொல்லி யாரையாவது கேட்பதை நினைத்தாலே எனக்குக் கூசியது. கேட்டால், அவர்கள் பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம். கிடங்கில் மக்கிய மூட்டைகளின் அடியில் இப்படித்தான் முதலில் ஓர் ஈரம் தெரிந்தது.

அதன் பிறகு நான் நடக்கிற விதம் மாறியது. எதையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தேன். தும்மல் வந்தால் மூக்கை அழுத்தினேன். இருமல் வருமோ என்று தண்ணீரைக்கூடச் சொட்டுச் சொட்டாகக் குடித்தேன். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. "ஏன் இப்படி எலும்பா போறீங்க?" என்று மனைவி கேட்டால், ஆபரேஷன் செய்த உடம்பு அப்படித்தான் என்பேன்.

ஒரு காலையில் எதிர்வீட்டில் காய்ந்த மிளகாய் தாளித்தார்கள். நெடி ஜன்னல் வழியாக ஏறியது. மூக்கை அழுத்துவதற்குள் தும்மிவிட்டேன். அடிவயிற்றில் ஏதோ பிரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு கைக்குட்டையை எடுத்தேன். தழும்பின் கீழ்முனை வாய் பிளந்திருந்தது. உள்ளே, சிவப்புக்கு நடுவில், தூண்டில் நரம்பு போல் நீலமாக ஒரு கீற்று மின்னியது.

நூல். வயிற்றுச் சுவரைப் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்ன நூல். என் உள்பக்கத்தை நானே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவரில் சாய்ந்து, கல்யாணமான காலத்திலிருந்து நான் எழுப்பாத ஒரு குரலில் மனைவியைக் கூப்பிட்டேன்.

அவள் பார்த்தாள். "எத்தினி நாளா?" என்றாள். பின்பக்கம் காய்ந்துகொண்டிருந்த பனியனை அவள் எட்டிப் பார்த்தாள். திட்டவில்லை. துவைத்த வெள்ளைத்துண்டு ஒன்றை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். மச்சானுக்குப் போன் செய்தாள். அவன் அங்கிருந்து ஆட்டோவில் வந்து சேர்வதற்குள் பஸ்ஸே சிதம்பரம் போய்ச் சேர்ந்துவிடும் என்று பஸ் பிடித்தோம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதில் இத்தனை வேகத்தடை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என் மனைவி தன் உள்ளங்கையைத் துண்டின்மேல் வைத்து அழுத்துவாள். பஸ் ஏறி இறங்கியதும் எடுப்பாள். மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்தக் கையை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் அவள் உதடு அசைவதைப் பார்த்தேன். செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். புதுச்சத்திரத்தில் பஸ் திடீரென்று பிரேக் போட்டது. முன்சீட்டின் கம்பி என் வயிற்றுக்கு ஒரு விரல் தூரத்தில் வந்து நின்றது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, கீழே தண்ணீரைப் பார்க்காமல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் நிறம் ஏறுகிறதா என்று.

டாக்டரம்மா கையுறை போட்ட விரலால் காயத்துக்குள் தடவிப் பார்த்தார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அவர் முகத்தில் என்ன வருகிறது என்பதைத் தவிர உலகத்தில் எனக்கு வேறு எதுவும் இல்லை.

"மேல்தோலும் கொழுப்பும்தான் விட்டிருக்கு. கொஞ்சம் சீழ் இருக்கு. உள்சுவர் பிரியல. நீல நூல் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். பிறகு என் கையைத் திருப்பி, மணிக்கட்டு எலும்பைப் பார்த்தார். "என்ன சாப்பிடறீங்க?"

மனைவி சொன்னாள். "முட்டை?" இல்லை. "மீனு?" இல்லை. "பருப்பாவது?" சீழ் வைக்கும் என்றாள் மனைவி.

"துளிப் பருப்புகூட போடலியே, இப்ப சீழ் எங்கிருந்தும்மா வந்துச்சு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "இங்க பாருங்க. நூல் தானா எதையும் ஒட்ட வைக்காது. சதை ஒண்ணு சேர்ற வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் சேத்துப் புடிச்சிக்கிட்டிருக்கும். அவ்வளவுதான் அதோட வேல. கரையற நூலுக்கு நாளாக நாளாக பலம் எறங்கும். அது எறங்க எறங்க உங்க சதைக்கு பலம் ஏறிக்கிட்டு வரணும். கஞ்சியக் குடிச்சா அது எதுலேந்து ஏறும்?"

"நீல நூலு அறுந்துடுமாங்க?" என்று மச்சான் கேட்டான். அவன் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தான்.

"நூல் அறுந்து போறது அபூர்வம். சதை பலமில்லன்னா நூல் அப்படியே இருக்கும், சதைதான் கிழியும்."

அது எனக்குத் தெரிந்த விஷயம். பழைய கோணியைப் புதிய நூலால் தைத்தால் நூல் போகாது. ஊசி போன ஓட்டையிலிருந்து கோணி கிழிந்துகொண்டு வரும். இத்தனை நாளும் நூல் மக்குவதைப் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். கோணியை நான் யோசிக்கவே இல்லை.

காயத்தைத் திறந்தபடியே விட்டு, தினமும் கட்டு மாற்றச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வராந்தாவில் மனைவி நின்றுவிட்டாள்.

"நான் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

"அக்கா, மாதா முட்ட கேட்டாங்களா?" என்றான் மச்சான்.

"கேலி பண்ணாதடா. அவர உள்ள கொண்டுபோனப்ப, பொழைக்கறது செரமம்னு அவுங்க சொன்னத நீ கேக்கல, நான் கேட்டேன். நான் வேண்டிக்கிட்டேன், அவரு வந்துட்டாரு. இப்ப வார்த்தைய மாத்துனா?"

அவள் முடிக்கவில்லை. அவள் பயம் எதுவென்று எனக்குப் புரிந்தது. அவளைப் பொறுத்தவரை என்னைப் பிடித்திருந்தது அந்த வேண்டுதல்தான். அதை அறுத்தால் நான் போய்விடுவேன்.

அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து முக்காட்டை எடுக்காமலே உட்கார்ந்தாள்.

"நோயாளிக்கு சுத்தபோசனம் கெடையாதாம். போயி முட்ட அவிச்சிக் குடுங்கறாரு."

"சரிதான்" என்றேன்.

"சாமியாரு சொல்லிட்டாரு. நான் வேண்டிக்கிட்டது சாமியார்கிட்டயா?"

பேசுவதற்கு எனக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அன்றைக்கு அதற்கு நேரம் இல்லை என்று பட்டது. "எனக்கு பயமா இருக்கு" என்றேன். "ஆஸ்பத்திரில கண்ண முழிச்சதுலேந்து பயமா இருக்கு. புளி வாணாம்னு சொன்னது, நூலு கரைஞ்சிடும்னு."

அவள் என்னையே பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "புளியிலயா?" என்றாள். பிறகு முக்காட்டை எடுத்துவிட்டாள். கடைசியில் சொன்னாள்: "உங்க பங்கையும் சேத்து நானே இருக்கேன். ஒருசந்தி புடிக்கறேன். மாதா என்னைக் கேக்கட்டும்."

மறுநாள் முட்டையை அவித்து, உரித்து, மிளகு உப்புத் தூவி என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, மாதா படத்துக்கும் எனக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். நான் சாப்பிடுவதை மாதா பார்க்காமல் மறைக்கிறாளா, இல்லை மாதாவைப் பார்த்து ஏதாவது சொல்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் முட்டையைக் கடித்தேன். விழுங்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததுகூடப் பயமாகத்தான் இருந்தது.

பால்சுறா வந்தது. பருப்பு வந்தது. எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து "நான் சொன்னத கேக்கல, அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று போனார்கள். மனைவி பாஸ்கா வரை ஒருவேளைச் சோற்றோடு இருந்தாள். சுறாப்புட்டு கிளறும்போது வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் இளைக்க இளைக்க என் காயத்தின் அடி மேலே ஏறி வந்தது. நீலக் கீற்று சிவப்புச் சதைக்குள் மறைந்தது. அது மறைந்த பிறகு, உள்ளே இருக்கிறதா என்று தெரியாததால் இன்னொரு பயம் வந்தது.

பாஸ்கா முடிந்து சில வாரங்கள் கழித்துக் கடைசியாகக் காட்டப் போனோம். டாக்டரம்மா தழும்பைத் தடவிப் பார்த்து, இருமச் சொன்னார். நான் மனைவியைப் பார்த்தேன். இருமினேன். "நல்லாருக்கு. இன்னும் கொஞ்ச மாசத்துக்குப் பாரம் தூக்காதீங்க" என்று அடுத்தவரைக் கூப்பிடத் திரும்பினார்.

"ஒண்ணு கேக்கணுங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "அந்தக் கரையற நூலு. கரைஞ்சி எங்கங்க போவும்?"

அவர் நின்றார். "உடம்புல இருக்கற தண்ணியே அத கொஞ்சங்கொஞ்சமா உடைச்சிடும். மிச்சம் ஒண்ணுக்குல போயிடும். கொஞ்சம் மூச்சுலயும் போயிடும்."

"இப்ப இருக்குங்களா?"

"இந்நேரத்துக்குப் பெரும்பாலும் போயிருக்கும். நீலம் மட்டும் இருக்கும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். சட்டைக்கு மேலாகத் தழும்பின் மேல்முனையைத் தொட்டால், தோலுக்குக் கீழே அரிசி போல் ஒன்று தட்டுப்படும். நீல நூலின் முடிச்சு. இன்றைக்கும் ஒரு நாளைக்குப் பல தடவை அதைத் தொட்டுப் பார்க்கிறேன். அன்று ஜன்னலைப் பார்த்து வாயால் மெதுவாக மூச்சை விட்டேன். என்னைத் தைத்த நூலில் கொஞ்சம் இப்படித்தான் வெளியே போயிருக்கிறது. உள்ளே இரைப்பையை இப்போது எந்த நூலும் பிடித்திருக்கவில்லை. என் சதை மட்டும்தான்.

புதுச்சத்திரம் வேகத்தடைக்கு முன்னால் டிரைவர் வேகத்தைக் குறைக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியின் கை, அவள் கண்ணைத் திறக்காமலே, என் வயிற்றின்மேல் வந்து அழுத்தியது. பஸ் ஏறிக் குதித்தது. நான் காது கொடுத்துக் கேட்டேன். சத்தம் எதுவும் வரவில்லை.